மஞ்சள் ஒயரின் வரலாறு



கோயில், குளம், சாரல் என்று எழுதிக்கொண்டிருந்த நான் இந்தத் தடவை ஒயர், மின்சாரம் பக்கம் போகிறேன். தொலைபேசித் துறையில் 34 வருடம் ஒயரோடு வாழ்ந்தவன் என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். விஷயம் உங்கள் வீட்டுப் பரணையும் தொட்டதுதான்.

எங்கள் இலஞ்சியில் பாதி வீடுகளின் பரணில் ஒரு பழைய டிவி சாக்கு போர்த்திப் படுத்திருக்கிறது. தட்டை டிவி வந்த பிறகு இறங்க வழியில்லாமல் கிடக்கிற முதுகு பெருத்த டிவி. கொரோனா காலத்தில் பெங்களூரிலிருந்து வீட்டோடு வந்துவிட்ட என் தங்கை மகன், தென்காசி ஆசாரி ஒருவரிடம் ப்ளைவுட்டில் ஒரு பெட்டி செய்து வாங்கினான். அந்தக் காலத்தில் காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் பெட்டி இருக்குமே, அதே வடிவம். உள்ளே ஒரு குட்டிக் கணினி, முன்னால் கைப்பிடியும் பொத்தான்களும். திரைக்கு மட்டும் புது டிவி வேண்டாம், பரணில் இருக்கிற பழைய 14 அங்குல டிவிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். "மாமா, இதுல எந்த ஓட்டையில சொருகணும்?" என்று கேட்டான்.

பதில் ஒரு வரிதான்: மஞ்சள் ஓட்டையில். ஆனால் அந்த மஞ்சள் ஓட்டை வருவதற்கு முன் ஏன் வேறு வழியில்லாமல் இருந்தது, தவறான வழியில் போனால் ஏன் உயிருக்கே ஆபத்து என்பதைச் சொல்ல ஐம்பது வருடக் கதை வேண்டும்.

முதல் பெட்டிக்குள் இருந்ததும் வீட்டு டிவிதான்

கேம் பெட்டிக்குள் வீட்டு டிவியை வைப்பது ஏதோ சிக்கன வேலை என்று நினைக்க வேண்டாம். ஆரம்பமே அப்படித்தான். 1971-ல் அமெரிக்காவில் வந்த ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ என்ற காசு விளையாட்டுப் பெட்டிக்குள் இருந்தது ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் 15 அங்குலக் கருப்பு வெள்ளை டிவி. அடுத்த வருடம் அட்டாரி கம்பெனியின் நோலன் புஷ்னல் சொல்லி, ஆலன் ஆல்கார்ன் என்ற இளம் இன்ஜினியர் ‘பாங்’ என்ற பந்தாட்டத்தைச் செய்தார். அவர் கடைக்குப் போய் ஒரு ஹிட்டாச்சி கருப்பு வெள்ளை டிவி வாங்கி, மரப்பெட்டிக்குள் வைத்து, காசு போடும் பொறியைப் பக்கத்தில் மாட்டினார். கலிஃபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரில் ஒரு மதுக்கடையில் அந்தப் பெட்டி வைக்கப்பட்டது. சில நாளில் ரிப்பேர் என்று ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் பழுது ஒன்றுமில்லை, காசு நிரம்பி வழிந்து பொறி அடைத்துக்கொண்டிருந்தது.

அதே 1972-ல் ரால்ஃப் பேர் என்பவர் கண்டுபிடித்த ‘ஒடிஸி’ வீட்டுக்கே விளையாட்டைக் கொண்டுவந்தது. அதில் திரை கிடையாது. வீட்டு டிவிதான் திரை. ஒரு சின்ன டப்பா மூலம் ஆன்டெனா முனையில் கொடுத்து, டிவியை 3 அல்லது 4-வது சேனலில் வைக்க வேண்டும். டிவியைப் பொறுத்தவரை அது ஒரு ஒளிபரப்பு நிலையம். பக்கத்து அறையிலிருந்து ஒளிபரப்பாகும் நிலையம், அவ்வளவுதான்.

ஏன் ஆன்டெனா வாசல்?

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. கணினியிலிருந்து வருகிற படத்தை நேரே டிவிக்குள் கொடுக்காமல், அதை ரேடியோ அலையாக மாற்றி, ஆன்டெனா வழியாக ஏன் சுற்றி வளைத்து அனுப்ப வேண்டும்? மாடுலேட்டர் என்ற அந்தச் சின்னத் தகரடப்பா எதற்கு?

பழைய டிவிகள் பலவற்றில் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. செலவும் எடையும் குறையட்டும் என்று சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை நேரே உள்ளே எடுத்துக்கொள்வார்கள். அதனால் டிவியின் உள்சட்டமே மின்சாரத்தோடு நேர்த்தொடர்பில் இருக்கும். மெக்கானிக்குகள் இதை ‘லைவ் சேஸிஸ்’ என்பார்கள். வெளியே மரப்பெட்டியும் பிளாஸ்டிக் குமிழும் இருந்ததால் நமக்கு ஷாக் அடிக்கவில்லை. பின்மூடியைக் கழற்றி அந்தச் சட்டத்தில் ஒரு கணினியின் ஒயரை இணைத்தால், கணினியின் பெட்டி, விசைப்பலகை, தொடுகிறவன் விரல் வரை மின்சாரம் வந்துவிடும். ஆன்டெனா முனை மட்டும்தான் கெப்பாசிட்டர் வைத்துப் பிரிக்கப்பட்டது. வெளியார் தொடலாம் என்று டிவி செய்தவர்கள் விட்டுவைத்த ஒரே வாசல் அது.

1977-ல் வந்த ஆப்பிள் 2 கணினி வண்ணப்படம் காட்டக்கூடியது. ஆனால் மாடுலேட்டரை உள்ளே வைக்கவில்லை. அலை வெளியே கசிந்து அக்கம்பக்கத்து டிவியைக் கெடுக்கும் என்று அமெரிக்க அரசு கடுமையான விதி வைத்திருந்தது. அதனால் மாடுலேட்டரை வேறொரு கம்பெனி தனியாக விற்றது. இங்கிலாந்தில் 1981-ல் சின்க்ளேர் இசட்.எக்ஸ். 81, 1982-ல் ஸ்பெக்ட்ரம் வந்தன. அவை மாடுலேட்டரோடே வந்தன, யு.எச்.எஃப். 36-வது சேனலில் படம் தெரியும்.

டிவியின் எல்லைதான் அன்றைய கணினியின் எல்லை. நம் நாட்டு டிவியில் படம் 625 கோடுகளால் ஆனது. ஒரு வினாடிக்கு 25 முழுப்படம். அதை ஒற்றைப்படைக் கோடு, இரட்டைப்படைக் கோடு என்று பிரித்து 50 அரைப்படமாக வரைகிறது. 625-ஐ 25-ஆல் பெருக்கினால் 15,625. அதாவது பிக்சர் டியூபுக்குள் எலெக்ட்ரான் கதிர் வினாடிக்கு 15,625 தடவை இடமிருந்து வலம் ஓடுகிறது. சிறு பிள்ளைகளுக்குப் பழைய டிவியிலிருந்து ‘ங்ய்ய்’ என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும், நமக்குக் கேட்காது. அது இந்தக் கோட்டு வேகத்தின் சத்தம்தான். வயதானால் காது அந்த உயரத்துக்கு எட்டுவதில்லை.

எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமானால் ஒரு வரியில் 40 எழுத்துக்கு மேல் போட முடியாது. ஆப்பிள் 2-ல் 40, ஸ்பெக்ட்ரத்தில் 32. ஓரங்கள் டிவிச் சட்டத்துக்குள் மறைந்துபோகும் என்பதால் சுற்றிலும் ஒரு கரையையும் விட்டு வைத்தார்கள்.

நம் ஊருக்கு டிவி வந்த கதை

தூர்தர்ஷன் டெல்லியில் 1959 செப்டம்பர் 15-ல் பரிசோதனையாக ஆரம்பித்தது. சென்னைக்கு 1975-ல் வந்தது. 1982-ல் வண்ண ஒளிபரப்பு தொடங்கி, அந்த வருடக் கடைசியில் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை நாடே வண்ணத்தில் பார்த்தது. நாடு என்றால் டிவி தெரிகிற நாடு. மேற்கே மலையடைத்த நம் ஊரில் படம் தெரிவது அவ்வளவு லேசாக இல்லை. திருவனந்தபுரம் காக்கை பறக்கும் தூரத்தில் இருந்தாலும் மலை நடுவில் நிற்கிறது. கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகுதான் தெற்குச் சீமை முழுக்க மொட்டை மாடியில் குழாய் நட்டார்கள். ஆன்டெனாவை வடக்கே திருப்பி, பூஸ்டர் போட்டு, ஒருவர் மாடியில், ஒருவர் முற்றத்தில், ஒருவர் டிவி முன்னால் என்று மூன்று பேர் கூவிக்கொண்டு நின்ற காட்சி நினைவிருக்கும். கடற்கரைப் பக்கத்து உறவினர் வீட்டுக்குப் போனால் இலங்கை ரூபவாஹினி தெரியும். அதற்காகவே போனவர்கள் உண்டு.

சாலிடேர், டயனோரா, கெல்ட்ரான், ஈ.சி. டிவி. மரப்பெட்டி, முன்னால் இழுத்து மூடும் ஷட்டர், அதற்கு ஒரு பூட்டு. வருடா வருடம் தபாலாபீஸில் லைசென்ஸ் கட்டணம் கட்டின காலமும் இருந்தது. பின்னால் 300 ஓம் பட்டை ஒயர் மாட்ட இரண்டு திருகாணி. சேனல் மாற்றும் குமிழ் ‘கடக் கடக்’ என்று சுற்றும். பெரும்பாலும் வி.எச்.எஃப். மட்டும், 2 முதல் 12 வரை. சின்க்ளேர் கணினியின் யு.எச்.எஃப். 36 அந்தக் குமிழில் கிடையாது. வெளிநாட்டிலிருந்து பையில் வந்த எத்தனையோ சின்னக் கணினிகள் இந்த ஒரு காரணத்தால் நம் நாட்டு டிவியில் கண் திறக்காமலே கிடந்திருக்கும்.

1984-ல் மத்திய அரசு பள்ளிகளில் கணினி அறிமுகத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ‘கிளாஸ்’ என்று பெயர். சுமார் 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ கணினி வந்தது. அதன் பின்பக்கத்தில் மூன்று வாசல்: டிவியின் ஆன்டெனாவுக்கு ஒன்று, கலந்த வீடியோவுக்கு ஒன்று, சிவப்பு பச்சை நீலம் தனித்தனியாக ஒன்று. ஒரே இயந்திரத்தில் மூன்று தலைமுறை ஒயரும் இருந்தது என்றே சொல்லலாம்.

நம் தெருக்களில் டிவிக்குள் வெளிப்படத்தை முதலில் கொண்டுவந்தது கணினி அல்ல, ‘டெக்’. கல்யாண வீட்டிலும் கொடை விழாவிலும் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். அதுவும் ஆன்டெனா வழியாகத்தான் உள்ளே போனது. டெக்கின் உபயத்தில்தான் டிவி செய்தவர்கள் பின்னாளில் தனி வாசல் வைத்தார்கள். உள்ளே மின்சாரத்தைப் பிரித்துத் தருகிற புதுவகை மின்வழங்கி வந்தது. அதன் பலனாகப் படத்துக்கு மஞ்சள், ஒலிக்கு வெள்ளை என்று தொட்டாலும் பயமில்லாத முனைகள் வந்தன. அந்த மஞ்சள் ஓட்டையின் பிறப்பு இதுதான்.

தொண்ணூறுகளும் துப்பாக்கியும்

1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதைப் பார்த்துச் செய்த நகல்கள் தொண்ணூறுகளில் நம் கடைத்தெருவுக்கு வந்து குவிந்தன. பிள்ளைகள் எல்லாவற்றையும் ‘டிவி கேம்’ என்றார்கள். கேசட் சொருகினால் ‘9999 விளையாட்டு’ என்று பட்டியல் வரும், எண்ணிப் பார்த்தால் இருபது கூடத் தேறாது. குற்றாலம் சீசனில் அருவிக்குப் போகிற வழிக் கடைகளில் நேந்திரங்காய் சிப்ஸ், மூங்கில் கூடையோடு இந்த டப்பாக்களும் தொங்கும். கடைக்காரர் ஒரு 14 அங்குல டிவியை ஓட விட்டிருப்பார். மழைக்கு ஒதுங்குகிற பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். அப்பாக்கள் வந்து காதைப் பிடித்து இழுத்துப் போவார்கள்.

அதோடு ஒரு துப்பாக்கி வருமே, வாத்து சுடுவதற்கு. அது புது டிவியில் வேலை செய்யாது. காரணம் அழகானது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருப்பாகும்; அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி வெள்ளையைக் கண்டால் வாத்து விழுந்தது. பிக்சர் டியூப் அந்தக் கணத்திலேயே வரைகிறது. தட்டை டிவி படத்தை வாங்கி, யோசித்து, பிறகு காட்டுகிறது. அந்தச் சிறு தாமதத்தில் வாத்து தப்பிவிடுகிறது. என் தங்கை மகன் பழைய டிவிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். பழைய விளையாட்டுகள் பழைய டியூபுக்காகவே வரையப்பட்டவை. தட்டைத் திரையில் போட்டால் எல்லாம் கட்டம் கட்டமாக, கோலப்புள்ளி போல் உறைந்து நிற்கும்.

இலவச டிவியும் இலவச மடிக்கணினியும்

அவன் கேட்ட டிவி என் அம்மாவுடையது. 2006 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் 14 அங்குல டிவிகள் கொடுக்கப்பட்டன. எங்கள் அம்மா குடும்ப அட்டையோடு வரிசையில் நின்று வாங்கி வந்தாள். "என் பேருக்கு வந்த பொருள், இதை யாரும் தொடக்கூடாது" என்று சொல்லித் தன் கட்டிலுக்கு எதிரே வைத்துக்கொண்டாள். அவள் காலமான பிறகு அது பரணுக்குப் போனது. பழைய இரும்புக்காரர் இரண்டு முறை கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை.

2011-ல் ஆட்சி மாறியது. அதே செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தூர்தர்ஷன் தொடங்கியதும் அதே தேதி என்பதைக் கவனித்தீர்களா? ஆக ஒரே ஓலைக்கூரைக்குக் கீழே அரசு கொடுத்த டிவியும் அரசு கொடுத்த கணினியும் அருகருகே இருந்தன. ஆனால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் தெருப் பையன்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, டிவியில் பெரிதாகப் பார்க்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள்.

வழி எளிதல்ல. கணினியின் நீலநிற விஜிஏ முனை 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்தது. அதில் கோட்டு வேகம் வினாடிக்குச் சுமார் 31,500. டிவியின் வேகமோ 15,625. ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டையும் வெறும் ஒயரால் கட்டினால், குதிரையையும் மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டியது போல. நடுவில் வேகத்தை மாற்றித் தரும் ஒரு டப்பா வேண்டும். அது சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தது, ஆனால் எழுத்து மங்கும், விளையாட்டில் கை ஒரு இடம், படம் ஒரு இடம்.

குட்டிக் கணினி வந்தது

2012-ல் இங்கிலாந்திலிருந்து ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கணினி வந்தது. பிள்ளைகள் குறைந்த செலவில் நிரல் எழுதப் பழகட்டும் என்ற நோக்கத்தில் வந்தது; வீட்டிலிருக்கும் பழைய டிவியே அதற்குத் திரையாகட்டும் என்று மஞ்சள் முனையையும் வைத்தார்கள். எண்பதுகளின் எண்ணம் திரும்பி வந்தது. 1997-ல் இத்தாலியின் நிக்கோலா சால்மோரியா தொடங்கிய ‘மேம்’ என்ற மென்பொருள், பழைய காசுப்பெட்டி விளையாட்டுகளைக் கணினியில் ஓட்ட ஏற்கெனவே வழி செய்திருந்தது. பேக்-மேன் முதல் எல்லாம் இந்த உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டன.

நாங்கள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

2014-க்குப் பிறகு வந்த பை-யில் மஞ்சள் முனை தனியாக இல்லை. காதொலிக் குழி போன்ற நான்கு வளைய ஓட்டைக்குள் படமும் சேர்ந்துவிட்டது. கடையில் கிடைக்கும் ஒயர்களில் வளையங்களின் வரிசை ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலவற்றில் படம் சிவப்பு முனையில் வரும். சிலவற்றில் எர்த்தும் படமும் இடம் மாறியிருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்து வாங்குவது உத்தமம்.

அடுத்தது, இந்தக் கணினி தானாக அமெரிக்க முறையில் படம் அனுப்பும். நம் டிவி பால் முறை. மாற்றாவிட்டால் படம் கருப்பு வெள்ளையாகும் அல்லது மேலும் கீழும் உருளும். அமைப்புக் கோப்பில் ‘எஸ்.டி.டிவி மோட்’ என்ற வரியில் 2 என்று போட்டால் பால். 18 என்று போட்டால் ஒற்றை இரட்டைக் கோடு பின்னாமல், எல்லாப் படமும் அதே கோடுகளிலேயே விழும். நடுவில் மெல்லிய கருப்பு இடைவெளி தெரியும். பழைய கேம் பெட்டியின் முகம் அதுதான்.

பேக்-மேன் போன்றவை நெட்டுக்குத்தான திரைக்குச் செய்தவை. அதற்காக டிவியைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டால் மூலையில் பச்சையும் ஊதாவுமாகக் கறை விழும். பூமியின் காந்தம் டியூபில் படியும் விதம் மாறுவதால் வருவது அது. நன்றாக ஆற விட்டுத் திரும்பப் போடும்போது, உள்ளே இருக்கும் சுருள் ‘டம்’ என்று அதிர்ந்து கறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைக்கும். ஒலிபெருக்கியைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாலும் அதன் காந்தத்தால் கறை வரும். பெட்டிக்குப் பின்னால் காற்றுப் போகத் துளை கட்டாயம் வேண்டும்.

டிவியின் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி டியூபை மட்டும் பெட்டிக்குள் பொருத்தலாம் என்று தங்கை மகன் யோசனை சொன்னான். "ஏல மாப்ள, அதை மட்டும் செய்யாதே" என்றேன். தென்காசியில் நாற்பது வருடம் டிவி பார்த்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தோம். அவர் வந்து கூட்டைக் கழற்றாமலே பொருத்தச் சொன்னார். எல்.ஓ.டி.யிலிருந்து டியூபுக்குப் போகும் தடித்த சிவப்பு ஒயரில் இருபதாயிரம் வோல்ட் வாக்கில் இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கி வைத்த பிறகும் டியூபே ஒரு கெப்பாசிட்டராக அதைத் தேக்கி வைத்திருக்கும். கழுத்துக் கண்ணாடி சின்ன அடிபட்டாலும் உடையும். "ஒரு கையை எப்பவும் பின்னால கட்டிக்கிட்டுத்தான் தொடணும்னு என் குரு சொல்லிக் கொடுத்தார்" என்றார் அவர். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும் என்பதே காரணம். யாரிடம் தொழில் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "யாருக்கு வேணும்? கடைசியா வந்த பையன் செல்போன் கடைக்குப் போயிட்டான்" என்றார்.

அதுதான் என் மனதில் நின்றது. தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் கோபுரங்களைப் பெரும்பாலும் 2022-க்குள் நிறுத்திவிட்டது. நம் நாட்டில் பிக்சர் டியூப் செய்த தொழிற்சாலைகள் மூடிவிட்டன. இருக்கிற டியூபுகள்தான் கடைசி. அவற்றைத் திறக்கத் தெரிந்த கைகளும் அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டன. டிவி போகலாம், அது பொருள். ஒரு கையைப் பின்னால் கட்டத் தெரிந்த அந்த அறிவு எழுதப்படாமல் போகிறதே என்பதுதான் கவலை.

உங்கள் பரணில் பழைய டிவி இருந்தால் உடைத்துக் குப்பையில் போடாதீர்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. வாய்க்காலில் போட்டால் அந்தத் தண்ணீர் நம் வயலுக்குத்தான் வரும். மின்கழிவு வாங்குகிறவர்களிடம் முழுதாகக் கொடுங்கள். மரப்பெட்டி டிவியாக இருந்தால் பின்மூடியைத் திறக்க ஆசைப்படாதீர்கள், வெளி ஒயரை உள்ளே இணைக்கவே கூடாது. மஞ்சள் முனை உள்ள டிவி ஓடுகிற நிலையில் இருந்தால், தெருவில் எந்தப் பையனாவது அதைத் தேடிக்கொண்டிருப்பான், கேட்டுப் பாருங்கள்.

டிவி மெக்கானிக்காக இருந்தவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதை எழுதி வையுங்கள். தென்காசி மெக்கானிக்கிடம் கேட்டு நான் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை 11 பக்கம் வந்திருக்கிறது.